மனை கேட்டால் ‘ஊரைக் கேட்க வேண்டும்’ என்கிறார்கள்: இப்படிப்பட்ட ஊர் மாறுமா?

கேள்வி: நெய்தல்வாசி (ஷார்ஜா)

வணக்கம். ராமநாதபுரம் மாவட்டத்தில், தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் இடையில், கடலை ஒட்டிய சிற்றூர் ஒன்று என்னுடையது. பெயரைச் சொன்னால் பேச்சு அந்த ஓர் ஊரோடு நின்றுவிடும் என்பதால் சொல்லவில்லை. எங்கள் காலனி கடைத்தெருவிலிருந்து கூப்பிடு தூரம்தான். ஆனால் கடைத்தெருவில் எங்கள் ஆட்கள் ஒருவருக்கும் இதுவரை ஒரு சென்ட் மனைகூடக் கிடையாது. நான் சிறுவனாக இருந்தபோது தேநீர்க் கடையில் எங்களுக்கென்று கண்ணாடிக் குவளை தனியாகக் கூரைச் செருகலில் இருக்கும். குடித்தபின் நாங்களே கழுவி அங்கேயே வைக்க வேண்டும். இன்று அது இல்லை. எல்லோருக்கும் காகிதக் கோப்பை வந்துவிட்டது. அது மாற்றமா, மாறாமல் இருப்பதற்கு ஊர் கண்டுபிடித்த வழியா என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இப்போது ஊர் திரும்ப எண்ணியிருக்கிறேன். என் மனைவி மருந்தாளுநர் பட்டயம் பெற்றவர். கடைத்தெருவில் ஒரு மனை வாங்கி, கீழே மருந்துக் கடையும் மேலே வீடுமாகக் கட்டலாம் என்பது எங்கள் திட்டம். பேருந்து நிறுத்தத்தை ஒட்டி ஒரு மனை விலைக்கு வந்தது. தரகர் வழியாகப் பேசி, விலையும் படிந்து, முன்பணமும் கைமாறியது. சில நாட்களில் தரகர் அந்தப் பணத்தை என் தம்பியிடம் திருப்பிக் கொடுத்து, விற்பவருக்குச் சம்மதம்தான், ஆனால் ஊரைக் கேட்க வேண்டும் என்கிறார் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். சண்டை இல்லை, ஏச்சு இல்லை, மிரட்டலும் இல்லை. தம்பிக்குத் தேநீர்கூட வாங்கிக் கொடுத்தாராம்.

என் மனைவி, மதுரையிலோ ராமநாதபுரத்திலோ கடை வைக்கலாம், அந்த ஊர் இன்னும் நூறு ஆண்டுகள் ஆனாலும் அப்படியேதான் இருக்கும் என்கிறார். என் தந்தையோ, தான் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்த தெருவில் பேரன் மிதிவண்டி ஓட்டுகிறான், இதற்கு மேல் என்ன மாற வேண்டும் என்று கேட்கிறார். இருவரில் யார் சொல்வது சரி? ஆறுதல் வார்த்தைகள் வேண்டாம். இப்படிப்பட்ட ஊர்கள் உண்மையில் மாறியிருக்கின்றனவா, மாறியிருந்தால் எது மாற்றியது என்பதை அறிந்தவர்கள் எழுதினால் முடிவெடுக்க உதவியாக இருக்கும்.

பதில் 1: பழைய வாத்தியார் (ராமநாதபுரம்)

தம்பிக்கு வணக்கம். உங்கள் தந்தையின் கணக்கும் உங்கள் மனைவியின் கணக்கும் வெவ்வேறு இடத்திலிருந்து தொடங்குகின்றன. அதனால்தான் விடை ஒத்துவரவில்லை. நான் இன்னும் கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்குகிறேன்.

1931-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே. எச். ஹட்டன், அன்றைய ராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிதிராவிடர்மேல் விதிக்கப்பட்ட கட்டுப்பாடுகளைப் பட்டியலிட்டு எழுதி வைத்திருக்கிறார். (அன்றைய ஜில்லா என்றால் இன்றைய சிவகங்கையும் விருதுநகரும் சேர்ந்தது, 1985-இல்தான் அவை பிரிந்தன.) 1930 டிசம்பரில் எட்டுக் கட்டுப்பாடுகள்: பொன்னும் வெள்ளியும் அணியக் கூடாது, ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி உடுத்தக் கூடாது, சட்டையோ பனியனோ போடக் கூடாது, முடியைக் கத்தரித்துக்கொள்ளக் கூடாது, மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் வைத்துக்கொள்ளக் கூடாது, பெண்கள் மேலாடை அணியக் கூடாது, பூச்சூடக் கூடாது, ஆண்கள் குடையும் செருப்பும் பயன்படுத்தக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன, கால்நடைகள் கொள்ளை போயின. அடுத்த ஜூனில் இந்தப் பட்டியல் பதினொன்றாக நீண்டது. பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கக் கூடாது. காலை ஏழு முதல் மாலை ஆறு வரை மிராசுதாரிடம் ஆணுக்கு நாலணா, பெண்ணுக்கு இரண்டணாக் கூலிக்கு உழைக்க வேண்டும். திருமணத்தில் மேளம் கூடாது. சொந்த நிலம் இருந்தால் மிராசுதாருக்கு மிக மலிவாக விற்றுவிட வேண்டும், விற்காவிட்டால் அந்த நிலத்துக்குத் தண்ணீர் கிடையாது.

கடைசியாகச் சொன்னதை நன்றாகக் கவனியுங்கள். அன்று உங்கள் முன்னோரிடம் இருந்த நிலத்தை விற்கச் சொன்னார்கள். இன்று உங்களுக்கு விற்க மறுக்கிறார்கள். மற்றவை எல்லாம், அதாவது உடை, குடை, செருப்பு, பித்தளைக் குடம், பள்ளிக்கூடம் எல்லாம், ஒன்றன்பின் ஒன்றாகக் காலாவதியாகிவிட்டன. மண் மட்டும் பாக்கி இருக்கிறது.

அவை எப்படிக் காலாவதியாயின என்பதுதான் உங்கள் கேள்வி. விதித்தவர்கள் மனம் திருந்தினார்கள் என்று நான் எங்கும் படித்ததில்லை. 1914-இல் பாம்பன் பாலம் வந்தபின் தனுஷ்கோடி வழியாக இலங்கைக்குப் போவது எளிதாயிற்று. தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டு, நோயில்லை என்று உறுதியான பிறகு கப்பலேறினார்கள். மலேயாவுக்கும் ரங்கூனுக்கும் போனவர்கள் வேறு. அப்படிப் போய்வந்தவர் கையில் குடையும் காலில் செருப்பும் இருந்தன என்றும், அவரைத் தடுத்தால் மறுபடியும் கப்பலேறிவிடுவார், அறுவடைக்கு ஆள் கிடைக்காது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது என்றும் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பின்னாளில் சீமைக்கருவேல் வந்தது. அந்த மரத்தைத் திட்டாத ஆள் இந்த மாவட்டத்தில் இல்லை, நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் விறகு வெட்டியும் கரிமூட்டம் போட்டும் நாள் கூலி பார்க்க முடிந்தவன், நெல் அளக்கும் களத்தில் கைகட்டி நிற்க வேண்டியிருக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இரண்டாவது காரணம் உத்தரவு. வெறும் உத்தரவு அன்று, வலிக்கும் உத்தரவு. 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ராமநாதபுரம் ஜில்லா போர்டின் தலைவராக இருந்தவர் டபிள்யூ. பி. ஏ. சௌந்திரபாண்டியன். (சென்னைப் பாண்டி பஜார் இவர் பெயரால் வந்தது என்பது அங்கே துணி எடுக்கப் போகிறவர்களில் பலருக்குத் தெரியாது.) தனியார் பேருந்துகள் அப்போது ஆதிதிராவிடரை ஏற்றுவதில்லை. அவர்களை ஏற்ற மறுக்கும் பேருந்தின் உரிமம் ரத்தாகும் என்று அவர் உத்தரவிட்டார். பேருந்து முதலாளிகளுக்குச் சமத்துவத்தில் திடீரென்று நம்பிக்கை வந்துவிடவில்லை. உரிமம் போனால் வண்டி நிற்கும் என்பது புரிந்தது, அவ்வளவுதான். ஆனால் ஒரே இருக்கையில் தோள் உரச உட்கார்ந்து பழகிய ஊருக்கு, அதற்கு முன் இருந்த வழக்கம் ஒரு தலைமுறைக்குள் மறந்தே போய்விட்டது.

கமுதியையும் சொல்லிவிடுகிறேன். 1897-இல் அங்குள்ள மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்ததற்காகச் சேதுபதி மன்னர் தொடுத்த வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908-இல் நாடார்களுக்கு எதிராகவே முடிந்தது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு அவர்கள் கோயில் வாசலில் காத்துக்கொண்டிருக்கவில்லை. மகமை என்று வியாபாரத்தில் ஒரு பங்கை ஒதுக்கிப் பள்ளிக்கூடங்கள் கட்டினார்கள், கடைகளைப் பெருக்கினார்கள். 1939-இல் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தபோது, அவர்களைத் தடுத்து நிறுத்தும் நிலையில் ஊர் இல்லை. ஆகவே ஊர் மாறும், தம்பி. தானாக மாறாது, உங்களை விலக்கி வைப்பதால் தனக்கு நட்டம் என்று தெரியும் இடத்தில் மட்டும் மாறும்.

பதில் 2: முத்துமாரி (தங்கச்சிமடம்)

வாத்தியார் ஐயா எழுதியதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் கமுதி உதாரணத்தை அவர் பாதியில் நிறுத்திவிட்டார் என்று தோன்றுகிறது. ஒரு சமூகம் தன் உழைப்பால் ஒரு படி ஏறியது உண்மை. ஏறியபின் தனக்குக் கீழே இருந்த படியை அது என்ன செய்தது என்பதையும் கேட்க வேண்டும். நம் கடலோரத்தில் இதை எல்லா மதத்திலும் எல்லாச் சாதியிலும் பார்க்கலாம். தேவாலயத்துக்குப் போகிறவர்களும் இதற்கு விலக்கல்லர். படகு வைத்திருப்பவர் சங்கு குளிப்பவரை ஒரு மாதிரிப் பார்ப்பார், சங்கு குளிப்பவர் பாசி எடுக்கிற பெண்களை வேறு மாதிரிப் பார்ப்பார். ஊர் என்பது ஒரே மனம் அன்று. ஒவ்வொருவர் கையிலும் ஓர் அளவுகோல் இருக்கிறது. ஆகவே ‘ஊர் மாறுமா’ என்று கேட்பதைவிட, விற்பவர் யாருக்குப் பயந்து முன்பணத்தைத் திருப்பினார் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அது நான்கைந்து பேராகத்தான் இருக்கும்.

எங்கள் பக்கத்து விசைப்படகுகளில் இப்போது கடலோரச் சாதியினர் மட்டும் போவதில்லை. மழை பொய்த்த உள்நாட்டு ஊர்களிலிருந்து வந்தவர்கள் பலர் இருக்கிறார்கள். கடலில் ஒரே சட்டியில் குழம்பு, ஒரே குடத்தில் தண்ணீர், கிடைத்த மீனில் முறைப்படி பங்கு. வலை இழுக்கும்போது யாருடைய கை என்று யாரும் பார்ப்பதில்லை, பார்க்க நேரமும் இல்லை. கரைக்கு வந்து குளித்து வேட்டி மாற்றியதும் அவரவர் தெருவுக்குப் போய்விடுகிறார்கள். படகில் பழகியது திருமணப் பந்திக்கு வருவதில்லை. ஐயா சொன்ன நட்டக் கணக்கு வேலை செய்யும் இடமும் வேலை செய்யாத இடமும் இதிலேயே தெரிகிறது: பிழைப்பு இருக்கும் இடத்தில் ஒழுங்காக இருப்பார்கள், பெண் கொடுக்கும் இடத்தில் நட்டமானாலும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

ராமேசுவரம் என்றால் உடனே அப்துல் கலாம் சொன்ன சம்பவத்தை யாராவது எடுத்து வருவார்கள். அதை நானே சொல்லிவிடுகிறேன். பள்ளியில் குல்லாய் போட்ட சிறுவன் பூணூல் போட்ட நண்பனுக்குப் பக்கத்தில் உட்காரக் கூடாது என்று புதிதாக வந்த ஆசிரியர் அவரைக் கடைசி வரிசைக்கு அனுப்பினார். நண்பனின் தந்தையான கோயில் குருக்கள் அந்த ஆசிரியரை அழைத்துக் கண்டித்தார். பிறகு அறிவியல் ஆசிரியர் சிவசுப்பிரமணிய அய்யர் கலாமைத் தம் வீட்டுக்கு உணவுக்கு அழைத்தபோது, அவர் மனைவி தம் சமையலறையில் பரிமாற மறுத்துவிட, அய்யரே பரிமாறிப் பக்கத்தில் உட்கார்ந்து உண்டார். இதைச் சொல்பவர்கள் எல்லோரும், அடுத்த வாரம் அந்த அம்மையாரே பரிமாறினார் என்ற இடத்தில் நெகிழ்ந்துபோகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. முதல் முறை அவமானமாகிவிட்டதே என்று அய்யர் விட்டுவிடவில்லை. விடைபெறும்போதே அடுத்த வாரமும் வரச் சொன்னார், தயங்கிய சிறுவனும் மறுபடி போனான். இருவரில் ஒருவர் பின்வாங்கியிருந்தால் அந்தச் சமையலறை அப்படியே இருந்திருக்கும். அப்படியும் அது ஒரு வீட்டில் நடந்த மாற்றம்தான். அதை வைத்து ராமேசுவரமே மாறிவிட்டது என்று மேடைகளில் பேசும்போது எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

அண்ணன் அவர்களுக்கு ஒரே ஒரு யோசனை. முடிவெடுக்கும்போது உங்கள் மனைவியின் சொல்லுக்கு உங்கள் தந்தையின் சொல்லைவிட அதிக எடை கொடுங்கள். ஊரின் முகச்சுளிப்பை நாள் முழுவதும் கல்லாவுக்குப் பின்னால் நின்று பார்க்கப் போகிறவர் அவர். குழாயடியிலும், பள்ளி வாசலிலும், கோயில் திருவிழாவில் முளைப்பாரி எடுக்கும் வரிசையிலும் நிற்கப் போகிறவரும் அவர்தான்.

பதில் 3: சாலையோரக் கடைக்காரன் (உப்பூர்ப் பக்கம்)

நீங்கள் ஏன் பழைய கடைத்தெருவையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்? கிழக்குக் கடற்கரைச் சாலை தொண்டி வழியாக ராமநாதபுரம் வந்து தூத்துக்குடி வரை போகிறது. ஒவ்வொரு ஊரிலும் விலக்குச் சாலை அருகில், அதாவது பெரிய சாலையிலிருந்து ஊருக்கு வழி பிரியும் இடத்தில், புதிய கடைகள் வந்துவிட்டன. அங்கே பாதி வாடிக்கை வெளியூர் வண்டிகள்தான். இடத்துக்காரர்களில் பலர் சென்னையிலோ மலேசியாவிலோ இருப்பவர்கள். அவர்களுக்கு ஊர் நாட்டாமையின் தயவு தேவையில்லை, விலைதான் தேவை. என் கடைக்கு இருபுறமும் யார் யார் என்று எனக்குத் தெரியும், ஆனால் அதைப் பற்றி இதுவரை ஒருவரும் பேசியதில்லை, பேசினால் வியாபாரம் கெடும். இரவு பதினொரு மணிக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் என்று வருகிறவர் மருந்துச் சீட்டை நீட்டுவாரே தவிர உங்கள் தெருவைக் கேட்க மாட்டார். விலக்கில் கடை போட்டால் ஊர் உங்களிடம் வரும்.

பதில் 4: வழக்கறிஞர் (பரமக்குடி)

மேலே எழுதிய மூவரும் ஊர் ஒரே திசையில், மெதுவாகவேனும், முன்னே போகிறது என்று வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறார்கள். பரமக்குடியில் இருந்துகொண்டு அப்படி நம்புவது எனக்குக் கடினம். 1957-இல் முதுகுளத்தூரில் அமைதிக் கூட்டம் நடந்த மறுநாளே, செப்டம்பர் 11 அன்று, ஒடுக்கப்பட்ட மக்களின் தலைவர் இம்மானுவேல் சேகரன் இங்கே கொல்லப்பட்டார். அதே நினைவு நாளில் 2011-இல் இங்கே போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. இரு நிகழ்வுகளுக்கும் இடையில் சாலை, பள்ளி, கல்லூரி, வெளிநாட்டுப் பணம் எல்லாம் வந்திருந்தன. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மாவட்டத்துக்கே தடை உத்தரவு போடுவது எங்களுக்குப் பழகிப்போய்விட்டது. பள்ளிப் பிள்ளைகள் கையில் சாதிக்கொரு நிறத்தில் கயிறு கட்டுவதைத் தடை செய்ய வேண்டும் என்று நீதிபதி சந்துரு குழு 2024-இல் அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டி வந்தது என்றால், அந்தக் கயிற்றைக் கட்டியவர்கள் பாட்டன்மார் அல்லர் என்பதை எண்ணிப் பாருங்கள். ஓர் ஊர் முன்னே போகலாம், நிற்கலாம், பின்னேயும் போகலாம்.

ஆனால் உத்தரவு விடாப்பிடியாக நின்றால் பலன் உண்டு என்பதில் வாத்தியார் ஐயாவோடு உடன்படுகிறேன். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996-இல் ஆதிதிராவிடருக்கு ஒதுக்கப்பட்டபின் பத்தாண்டுகள் அங்கே ஒழுங்காகத் தேர்தல் நடக்கவே விடவில்லை. நடந்தாலும் வென்றவரை உடனே பதவி விலகச் செய்தார்கள். 2006-இல் அரசும் மாவட்ட நிர்வாகமும் ஊர் ஊராக உட்கார்ந்து பேசித் தேர்தலை நடத்திய பிறகு அந்த முட்டுக்கட்டை விலகியது. தேவகோட்டை அருகே கண்டதேவியில், தேர் வடத்தை யார் யார் பிடிப்பது என்று 1998-இல் எழுந்த தகராறுக்குப் பின் நெடுங்காலம் நின்றிருந்த தேர், 2024 ஜூனில் உயர் நீதிமன்றத்தின் தலையீட்டால், பெரும் போலீஸ் காவலோடு ஓடியது. காவலோடு ஓடியதை மாற்றம் என்று சொல்லலாமா என்று கேட்பீர்கள். முதல் முறை அப்படித்தான் ஓடும் என்பதே என் பதில்.

இனி உங்கள் மனை. விற்க விருப்பமில்லாதவரை விற்கச் சொல்லி எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தாது. அந்த வழியில் நேரத்தை வீணாக்க வேண்டாம். ஆனால் பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவர்மேல் சமூகப் புறக்கணிப்போ பொருளாதாரப் புறக்கணிப்போ விதிப்பதும், விதிப்பதாக மிரட்டுவதும், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015-இல் வந்த திருத்தத்தின்படி தனிக் குற்றம். நீங்கள் கடை திறந்தபின் யாராவது ‘அங்கே யாரும் வாங்கக் கூடாது’ என்று ஊரில் சொன்னால் அது இதில் வரும். தேதி, இடம், சொன்னவர், உடனிருந்தவர் என எழுதி வையுங்கள். மற்றபடி, கிரய உடன்படிக்கையைப் பதிவு செய்யாமல் இனி யாருக்கும் முன்பணம் கொடுக்க வேண்டாம். பதிவான உடன்படிக்கை கையில் இருந்திருந்தால் அந்தத் தரகர் பணத்தை அவ்வளவு எளிதாகத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தேநீர் வாங்கித் தந்திருக்க முடியாது.

நெய்தல்வாசி:

எல்லோருக்கும் நன்றி. பதில்களை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். தங்கச்சிமடம் சகோதரி எழுதியதைக் கேட்டபின், விலக்குச் சாலையில் என்றால் தமக்குச் சம்மதம், கடைத்தெருவில் என்றால் இல்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். எனக்குள் ஒரு மனத்தாங்கல் இருக்கத்தான் செய்கிறது. கடைத்தெருவை விட்டுவிட்டு விலக்குக்குப் போவது, காகிதக் கோப்பையைப் போல, ஊருக்கு வசதியான ஏற்பாடாகிவிடாதா? அதை அவரிடம் சொன்னபோது, முதலில் கடை நடக்கட்டும், கடைத்தெரு எங்கும் ஓடிப்போகாது என்றார். உப்பூர்ப் பக்கத்து அன்பர் சொன்னபடியே விலக்கருகில் ஓர் இடம் இருப்பதாகத் தம்பி விசாரித்துச் சொல்கிறான். உரிமையாளர் மலேசியாவில் இருக்கிறார், இங்குள்ள தம் உறவினருக்குப் பவர் எழுதி அனுப்புவதாகச் சொல்கிறார். அந்தப் பவரை நம்பிக் கிரயம் முடிக்கலாமா?

வழக்கறிஞர் (பரமக்குடி):

முடிக்கலாம், ஆனால் அந்தப் பவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்றிருக்க வேண்டும். இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதங்களுக்குள் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் உரிய முத்திரைத் தீர்வையும் செலுத்தப்பட்டிருக்க வேண்டும். கிரயம் நடக்கும் நாளில் உரிமையாளர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கான சான்றும் கேட்பார்கள். பத்திரம் எழுதும் முன் வில்லங்கச் சான்றும் பட்டாவும் எடுத்து, பட்டாவில் அந்த உரிமையாளரின் பெயர் மட்டும்தான் இருக்கிறதா, உடன்பிறந்தவர்கள் பெயரும் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கூட்டுப் பட்டாவாக இருந்தால் மற்றவர்களின் கையெழுத்தும் வேண்டும். அவர்களில் யாராவது உங்கள் ஊரிலேயே குடியிருக்கிறார்களா என்பதையும் இப்போதே தம்பியை விசாரிக்கச் சொல்லுங்கள்.